நூறு கம்பிக்கு ஒரு நாடா

ஆலையொன்றைப் பார்வையிடச் செல்வோர் சுழலும் சக்கரங்களையும் ஓடும் பட்டைகளையும் கண்டு வியப்பதுண்டு. சுவரோரமாகச் சாம்பல் நிறம் பூசி நிறுத்தப்பட்டிருக்கும் இரும்பு அலமாரிகளை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அச்சக்கரங்கள் சுழல்வதும் நிற்பதும் அந்த அலமாரிகளின் ஆணையால்தான். அவற்றைத் தொழிலாளர் 'கன்ட்ரோல் பானல்' என்றும், சுருக்கமாகப் 'பானல்' என்றும் கூறுவர். நானும் அப்பெயரையே கையாளுகிறேன். கட்டுப்பாட்டுப் பெட்டி என்று தமிழில் சொல்லலாமாயினும், பட்டறையில் அச்சொல்லைக் கூறினால் திரும்பிப் பார்ப்பவர் இல்லை.

பானலின் கதவைத் திறந்தால் முதலில் கண்ணிற் படுவது கம்பியே. காண்டாக்டர்களும் ரிலேக்களும் ஃபியூஸ்களும் வரிசையாக அமர்ந்திருக்க, அவற்றினிடையே செல்லும் பிளாஸ்டிக் கால்வாய்களில் கம்பிகள் திணித்து அடைக்கப்பட்டிருக்கும். பழைய பானல்களில் அக்கால்வாயின் மூடியை ஒருமுறை கழற்றிவிட்டால் மீண்டும் மூடுவது எளிதன்று. கம்பிகள் பிதுங்கிக்கொண்டு வெளிவரும். இந்தக் கம்பிக் காட்டைக் குறைப்பதற்கு இன்று வழி ஏற்பட்டுள்ளது. அவ்வழி யாது, அதனால் நாம் பெறுவது என்ன, அதற்கு ஈடாகக் கொடுக்க நேர்வது என்ன என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தனை கம்பிகள் எதற்கு? ஒரே ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதற்கு 415 வோல்ட் மின்சாரம் கொண்டு செல்லும் மூன்று பருமனான கம்பிகள் இருக்கின்றன. அவை உழைக்கும் கம்பிகள். அவற்றைப் பற்றி வழக்கில்லை. அம்மோட்டாருக்கு ஆணையிடவும் அதன் நிலையை அறியவும் தேவைப்படும் மெல்லிய கம்பிகளைப் பற்றியே நம் வழக்கு. 'ஓடு' என்ற ஆணை செல்ல ஒரு ஜோடி. 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்ற விடை திரும்ப ஒரு ஜோடி. சுமை அளவுக்கு மீறி ஓவர்லோட் ரிலே விழுந்துவிட்டால் அதைத் தெரிவிக்க ஒரு ஜோடி. மோட்டாரின் பக்கத்தில் நின்று இயக்குகிறார்களா, தொலைவிலுள்ள அறையிலிருந்து இயக்குகிறார்களா என்று காட்டும் சாவிக்கு ஒரு ஜோடி. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் அறிய விரும்பினால், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான சிறு மின்னோட்டத்தால் அளவைத் தெரிவிக்கும் கருவிக்கு மேலும் ஒரு ஜோடி. ஆக, மோட்டார் ஒன்றுக்குப் பத்துக் கம்பிகள். பொதுக் கம்பி போட்டு இரண்டொன்றை மிச்சம் பிடிக்கலாம். இடையில் டெர்மினல் வரிசை வைத்தால் அந்த மிச்சமும் போய்விடும். முப்பது மோட்டார்கள் உள்ள பானலுக்கு 300 கம்பிகள். அவற்றுக்கு 600 முனைகள்.

ஒவ்வொரு முனையும் ஒரு மனிதனின் கைவேலை. கம்பியை அளந்து வெட்டவேண்டும், உறையைச் சீவவேண்டும், எண் பொறித்த ஃபெரூலைக் கோக்கவேண்டும், லக் வைத்து நசுக்கவேண்டும், திருகை முடுக்கவேண்டும். முனை ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று கொண்டாலும் 600 முனைகளுக்கு 20 மணி நேரம் ஆகிறது. அதன் பிறகு ஒருவர் வரைபடத்தைப் படிக்க, மற்றொருவர் பஸ்ஸரை வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகச் சோதிக்கவேண்டும். பானல் செய்யும் பட்டறையில் ஒருநாள் மாலை முழுவதும் அந்தப் பஸ்ஸர் ஒலியைக் கேட்டவர்கள் இரவில் உறங்கும்போதும் அதைக் கேட்பார்கள். இவ்வளவும் செய்து முடித்தபின், 600 திருகுகளில் ஒன்று சற்றே தளர்ந்திருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் அது தன் குணத்தைக் காட்டும்.

முன்னொரு காலத்தில் நிலைமை இதனினும் மோசமாயிருந்தது. 'இந்தப் பம்பு ஓடினாலன்றி அந்தப் பட்டை ஓடலாகாது' என்பன போன்ற நிபந்தனைகளை எல்லாம் ரிலேக்களைக் கம்பியால் பின்னியே அமைத்தனர். நிபந்தனை மாறினால் பின்னலைப் பிரித்து மீண்டும் பின்னவேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் காரின் மாதிரி மாறும்போதெல்லாம் இத்தொல்லைக்கு ஆளாகி, 1968-ஆம் ஆண்டில், ரிலேக்களுக்குப் பதிலாக நிற்கக்கூடிய, எளிதில் மாற்றி எழுதத்தக்க மின்னணுக் கருவி ஒன்று வேண்டுமெனக் கேட்டனர். ரிச்சர்டு மார்லி என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1969-இல் 'மாடிகான் 084' என்ற கருவியை அளித்தனர். அவர்கள் மேற்கொண்ட எண்பத்து நான்காவது பணி அது. பெயரும் அவ்வாறே அமைந்தது. இன்று ஆலைதோறும் வழங்கும் பி.எல்.சி. என்னும் கருவிகள் அதன் வழித்தோன்றல்களே. நிபந்தனைகள் கம்பியிலிருந்து எழுத்துக்கு மாறின. ரிலேக்கள் நூற்றுக்கணக்கில் மறைந்தன. ஆயினும் பி.எல்.சி.க்கும் ஒவ்வொரு காண்டாக்டருக்கும் இடையே ஓடிய கம்பிகள் மறையவில்லை. மூளை புதிதாயிற்று, நரம்புகள் பழையனவாகவே நின்றன.

நரம்புகளைக் குறைக்கும் உபாயம் நம் நாட்டு இரயில்வேயில் நெடுங்காலமாக வழங்கி வந்த ஒன்றுதான். கன்ட்ரோலர் ஒருவர் தம் அறையில் அமர்ந்தபடியே தம் பிரிவிலுள்ள நிலையங்கள் அனைத்தின் ஸ்டேஷன் மாஸ்டர்களோடும் பேசுகிறார். நிலையத்துக்கு ஒரு ஜோடி என்று தனித்தனிக் கம்பிகள் அவர் அறைக்கு வருவதில்லை. ஒரே தடம் எல்லா நிலையங்களின் வழியாகவும் செல்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. அக்குறியை அனுப்பினால் அந்நிலையத்தில் மட்டும் மணி அடிக்கும். அங்குள்ளவரிடம் பேசி முடித்ததும் அடுத்த நிலையத்தை அழைப்பார்.

கன்ட்ரோலரின் இடத்தில் பி.எல்.சி.யையும், ஸ்டேஷன் மாஸ்டர்களின் இடத்தில் காண்டாக்டர்களையும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காண்டாக்டரின் மீதும் தன் எண்ணை அறிந்த சிறு மின்னணுத் துண்டு ஒன்று அமர்ந்திருக்கிறது. 'பதினேழாம் எண்ணே, ஓடு' என்று ஆணை செல்கிறது. 'பதினேழாம் எண் ஓடுகிறேன். இழுப்பது 12 ஆம்பியர்' என்று விடை வருகிறது. முப்பது பேரையும் ஒரு சுற்று விசாரித்து முடிக்க, முறைக்குத் தக்கவாறு, ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குகளே ஆகின்றன. முப்பது மோட்டார்களின் 300 கம்பிகள் செய்த வேலையை ஒரே தடம் செய்துவிடுகிறது. இதைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள்.

இவ்வாறு பேசுவதற்கு ஒரு மொழி வேண்டுமல்லவா? மாடிகான் நிறுவனமே 1979-இல் 'மாட்பஸ்' என்ற முறையை வெளியிட்டது. இன்றும் எண்ணற்ற சாதனங்கள் அதைப் பேசுகின்றன. 1986-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், காருக்குள் பெருகிவிட்ட கம்பிகளைக் குறைக்கும் நோக்கத்தோடு 'கான்' என்ற முறையை அறிவித்தது. பின்னர் அது ஆலைகளுக்குள்ளும் புகுந்தது. 1987-இல் ஜெர்மனியில் தொடங்கிய கூட்டு முயற்சியில் 'புரோஃபிபஸ்' பிறந்தது. பட்டியல் இன்னும் நீளும். ஒவ்வொரு பெருநிறுவனமும் தன் மொழியே உலக மொழியாக வேண்டுமென்று விரும்பியதால் நேர்ந்த பெருக்கம் இது.

இவற்றுள் எளிமையால் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு மஞ்சள் நாடா. 1990-இல் பதினொரு நிறுவனங்கள் கூடி வகுக்கத் தொடங்கிய 'ஏ.எஸ்.ஐ.' முறையின் கம்பி அது. தட்டையான ரப்பர் உறைக்குள் இரண்டே கம்பிகள். சாதனங்களின் மின்னணுப் பகுதிக்குத் தேவையான மின்சாரமும், அவற்றுக்குரிய செய்தியும் அந்த இரண்டு கம்பிகளிலேயே சேர்ந்து செல்கின்றன. உறையைச் சீவ வேண்டியதில்லை; லக் வேண்டியதில்லை. சாதனத்தை நாடாவின்மேல் வைத்து அழுத்தினால் இரண்டு ஊசிகள் ரப்பரைத் துளைத்துக் கம்பியைத் தொடும். சாதனத்தை எடுத்துவிட்டால் ரப்பர் தானே மூடிக்கொள்ளும். நாடாவின் ஓரம் ஒருபுறம் வேறு வடிவாக வார்க்கப்பட்டிருப்பதால் தலைகீழாக வைக்கவும் இயலாது. முதலில் 31 சாதனங்களுக்கென வகுத்த இம்முறை பின்னர் 62 வரை விரிந்தது. மாற்றிப் பூட்ட முடியாதபடி ஒரு பொருளை வார்ப்பது, அதை விளக்கி ஒரு புத்தகம் எழுதுவதைவிட மேலானது என்பது என் கருத்து.

மஞ்சள் நாடா பெரும்பாலும் பானலுக்கு வெளியே, இயந்திரத்தின் ஓரமாகச் செல்வது. பானலுக்கு உள்ளேயே கம்பியை ஒழிக்கும் முயற்சியும் பின்னர் வந்தது. பான் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மொல்லர் நிறுவனத்தார் 'ஸ்மார்ட்வயர்' என்ற முறையை அமைத்தனர். அந்நிறுவனம் 2008-இல் ஈட்டன் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. எட்டுக் கம்பிகள் கொண்ட பச்சை நாடா பானலின் வரிசைகளுக்கிடையே வளைந்து செல்லும். காண்டாக்டரின் முகத்தில் ஒரு சிறு கட்டையைப் பொருத்தி, நாடாவிலிருந்து ஒரு செருகியை அதில் செருகினால் வேலை முடிந்தது. காண்டாக்டரின் சுருளுக்கு வேண்டிய 24 வோல்ட் மின்சாரமும் அந்த நாடாவிலேயே வருகிறது. கதவிலுள்ள பொத்தான்களும் விளக்குகளும்கூட அதே நாடாவில் சேர்கின்றன. 99 சாதனங்கள் வரை ஒரே தொடரில் கோக்கலாம்.

அண்மையில் இத்துறையில் மற்றொரு படி ஏறியிருக்கிறோம். அலுவலகக் கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையையே ஒரே ஒரு முறுக்கிய கம்பி ஜோடியில், பல சாதனங்கள் பங்கிட்டுக்கொள்ளும்படி செலுத்துவதற்கான விதிகளை ஐ.இ.இ.இ. கழகத்தார் 2019-இல் ஏற்றனர். 25 மீட்டர் நீளத்துக்கு, விநாடிக்கு ஒரு கோடிச் செய்தித் துகள்கள் என்ற வேகத்தில் அது செல்லும். 25 மீட்டர் என்பது ஊருக்குக் குறைவு; பானலுக்குத் தாராளம். இதனை அடிப்படையாகக் கொண்டு 'ஓ.டி.வி.ஏ.' என்ற தொழிற்கூட்டமைப்பு வகுத்த பானல் நாடாவில் ஏழு கம்பிகள் உண்டு. இரண்டு செய்திக்கு, இரண்டு மின்னணுப் பகுதிக்கு மின்சாரம் அளிக்க, இரண்டு காண்டாக்டர் சுருள்களுக்கு. ஏழாவது கம்பி, வரிசையில் எந்தச் சாதனம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கண்டறிய உதவுவது. சுருள்களுக்குரிய மின்சாரம் தனியே செல்வதால், அதை மட்டும் அறுத்து எல்லா மோட்டார்களையும் நிறுத்தலாம். அப்போதும் சாதனங்கள் பேசிக்கொண்டிருக்கும். சிறிய வசதி போலத் தோன்றினும், பழுது பார்ப்பவனுக்கு இது பெரிது.

இம்முறைகளால் பெறும் பயன் கம்பிச் செலவு குறைவது மட்டுமன்று. செம்பின் விலை ஒருபுறம் இருக்க, கைவேலையும் சோதனை நேரமும் பெரிதும் குறைகின்றன. கால்வாய்கள் ஒடுங்குவதால் பானல் சிறுக்கிறது. அல்லது அதே பானலில் காற்றோட்டம் கூடுகிறது. பழைய முறையில் 'விழுந்துவிட்டது' என்ற ஒரே செய்தியைத் தெரிவித்த ஓவர்லோட் ரிலே, இப்போது விழுமுன்னரே 'சுமை ஏறுகிறது' என்று சொல்கிறது. பம்பின் தாங்கி தேய்ந்து மோட்டார் நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாக இழுக்கிறதென்றால் அறையில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரிந்துவிடும். இச்செய்தியைப் பெறப் புதிதாக ஒரு கம்பியும் போடவேண்டியதில்லை.

நாடாவில் ஏற்றுமுன் நன்கு யோசிக்க வேண்டிய ஆணை ஒன்று உண்டு. செந்நிறக் காளான் வடிவில் இயந்திரத்தின் அருகே இருக்கும் ஆபத்துப் பொத்தானின் ஆணையே அது. ஒருவர் கை பட்டையில் சிக்கிக்கொண்டபோது, செய்தி தன் முறைக்காகக் காத்திருந்தது என்று சொல்வதற்கில்லை. நெடுங்காலம் அப்பொத்தான் கம்பியாலேயே நேராகக் காண்டாக்டரின் மின்சாரத்தை அறுத்து வந்தது. 1998 முதல் 2000 வரை வெளிவந்த ஐ.இ.சி. 61508 என்ற விதித்தொகுதிக்குப் பிறகு, பாதுகாப்புச் செய்தியையும் நெட்வொர்க்கில் அனுப்பும் முறைகள் பரவின. அவற்றின் தத்துவம், கம்பியை நம்பாதே என்பதாகும். ஒவ்வொரு செய்தியும் வரிசை எண்ணும் சோதனைக் குறியும் தாங்கி வருகிறது. குறித்த நேரத்துக்குள் செய்தி வரவில்லையாயின், ஏன் வரவில்லை என்று ஆராயாமல் இயந்திரம் நின்றுவிடும். இதற்கெனச் சான்று பெற்ற சாதனங்களை மட்டுமே இப்பணிக்குப் பயன்படுத்தலாம், சாதாரண பி.எல்.சி.யில் ஆபத்துப் பொத்தானைச் சேர்த்துவிட்டு அமைதியாக உறங்குபவர் பிறர் உயிரை அடகு வைத்தவராவர். சிறிய பானலுக்கு இன்றும் இரண்டு கம்பியே நன்று என்பேன்.

இனி, கொடுக்க நேர்வது என்ன என்பதற்கு வருகிறேன். நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னால் விளங்கும். வட இந்தியாவில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே கரும்பு பிழியும் பருவம் குளிர்காலத்தில் தொடங்கி வேனில் வரையில் நீளும். அப்பருவத்தில் ஆலை நிற்கலாகாது. வெட்டிய கரும்பு முற்றத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அதிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகும். சாறு இறைக்கும் பம்புகளுக்கான பானல் வரிசையைப் புரோஃபிபஸ் முறையில் அமைத்திருந்தோம். அதை வடிவமைத்த குழுவில் நானும் ஒருவன். கம்பிகள் குறைந்ததைக் காட்டி மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஒருநாள் இரவு, வரிசையின் கோடியிலிருந்த பம்பு ஒன்று பழுதாயிற்று. இரவு முறையிலிருந்த மின் மிஸ்திரி அப்பெட்டியின் மின்சாரத்தை முற்றும் அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளாக அவர் கற்றதும் பிறருக்குக் கற்பித்ததும் அதுவே. சிறிது நேரத்தில் அதே வரிசையிலுள்ள மற்றொரு பம்பு காரணமின்றி நின்றது, தானே சரியாயிற்று, பிறகு வேறொன்று நின்றது. மிஸ்திரி தம் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பார்த்தார். மின்சாரம் இருந்தது. ஃபியூஸ் நன்றாயிருந்தது. சுருள் நன்றாயிருந்தது. ஓவர்லோட் ரிலே விழவில்லை. அவருக்குத் தெரிந்த சோதனைகள் யாவும் 'பழுதில்லை' என்றன; பம்புகளோ நின்றுகொண்டே இருந்தன. இரண்டு மணி நேரத்துக்குமேல் இவ்வாறு கழிந்தது. வெளியே வண்டிகளின் வரிசை நீண்டது.

காரணம் இதுதான். கிணற்றுக்குள் கூவினால் எதிரொலி எழுவதுபோல, கம்பியில் விரைந்து செல்லும் செய்தியும் கம்பியின் கோடியில் மோதித் திரும்பும். திரும்பும் ஒலி புதிய செய்தியோடு கலந்து அதைக் கெடுக்கும். இதைத் தடுக்கத் தொடரின் இரு கோடிகளிலும் எதிரொலியை விழுங்கும் மின்தடை அமைப்பு ஒன்று வைக்கிறார்கள். புரோஃபிபஸ் முறையில் அவ்வமைப்புக்குச் சிறிது மின்சாரம் வேண்டும். அதைக் கோடியிலுள்ள சாதனமே அளிக்கிறது. மிஸ்திரி கோடிப் பெட்டியை அணைத்தபோது அந்த மின்சாரமும் போயிற்று. பழைய முறைப்படி அவர் செய்தது முழுவதும் சரி. புதிய முறையில் அதுவே பழுதுக்குக் காரணமாயிற்று. அவருக்கு அதைச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் நாங்கள், நாங்கள் சொல்லவில்லை. கைப்புத்தகம் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

முந்நூறு கம்பிகளில் ஒன்று அறுந்தால் ஒரு மோட்டார் நிற்கும். ஒரே நாடா கெட்டால் வரிசை முழுவதும் நிற்கும். இஃது எவர்க்கும் தெரிந்த குறை. இதைவிடப் பெரிய குறை, பழுது இருக்கும் இடமும் பழுது தென்படும் இடமும் வேறாகிவிடுவதே. கம்பியைக் கண்ணால் தொடரலாம். விரலால் அசைத்துப் பார்க்கலாம். செய்தியை அவ்வாறு பார்க்க இயலாது. ஆதலால் நெட்வொர்க் வாங்கும் ஆலை, அதைக் கேட்டறியும் கருவியையும், அக்கருவியை இரவு முறையிலும் கையாளத் தெரிந்த ஆளையும் சேர்த்தே வாங்கவேண்டும். பகல் முறைப் பொறியாளருக்கு மட்டும் பயிற்சி அளித்தால் போதாது. பழுதுகள் பகல் பார்த்து வருவதில்லை. மூன்று நான்கு மோட்டார்கள் மட்டுமே உள்ள சிறு தொழிற்கூடத்தார் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. அவர்களுக்குப் பழைய கம்பியே சிக்கனம்.

நம் நாட்டுக்கே உரிய தொல்லைகளும் சில உள. மே மாதத்தில் தகரக் கூரையின்கீழ் நிற்கும் பானலின் உள்வெப்பம் வெளியைவிடப் பல டிகிரி மிகுந்திருக்கும். காண்டாக்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். அதன் முகத்தில் அமர்ந்த மின்னணுக் கட்டைக்கு வழக்கமாக 55 அல்லது 60 டிகிரி செல்சியஸே எல்லை. எலிகள் பருமனான கம்பியைவிட மெல்லிய நாடாவை விரும்பிக் கடிக்கின்றன. கம்பி நுழையும் துளைகளைக் கிளாண்ட் போட்டு அடைக்காத பானலில் நாடாவை வைப்பது எலிக்கு விருந்து வைப்பதாகும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்களின் பருமனான கம்பிகளோடு செய்திக் கம்பியை ஒரே கால்வாயில் படுக்கவைப்பதும் நாம் அடிக்கடி செய்யும் பிழை. இரண்டும் விலகிச் செல்லவேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடவேண்டும்.

அந்தச் சர்க்கரை ஆலையில், பருவம் முடிந்தபின் வரிசையை மூன்று தனித் தொடர்களாகப் பிரித்தோம். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் ஓடும். ஒரே வேலைக்கு இரண்டு பம்புகள் இருந்த இடங்களில் அவ்விரண்டையும் வெவ்வேறு தொடர்களில் வைத்தோம். ஒவ்வொரு தொடரின் கோடியிலும் எதிரொலி விழுங்கும் அமைப்புக்குத் தனி மின்சாரம் கொடுத்து, அதை எந்தப் பெட்டியோடும் சேராமல் நிறுத்தினோம். எந்த எண் எந்தப் பம்புக்குரியது, தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றை இந்தியில் எழுதி, அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் மாட்டினோம். அடுத்த பருவத்தில் நான் அங்கே சென்றபோது கோடிப் பெட்டியின் அட்டையில் அந்த மிஸ்திரி தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இதை அணைக்கலாம், மற்றவை நிற்கா.'